ஏரி உள்வாயில் மனை வாங்கும் முன்

ஏரித் தண்ணீர் இரண்டு வழியில் வீட்டுக்குள் வரும். மதகைத் திறந்ததும் போக்குக் கால்வாயும் ஆறும் பெருகி, கரைக்குக் கீழே உள்ள தெருக்களில் புகுவது ஒன்று. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டபோது சென்னை பார்த்தது அதைத்தான். ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரிநீரும் அதே ஆற்றில் சேர்ந்தது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, அதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே சொன்னது.

இன்னொரு வழி, கரைக்கு உட்பக்கம், ஏரி நிறைந்தால் நீர் பரவும் உள்வாயில் சத்தமில்லாமல் ஏறும் தண்ணீர். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நம் ஏரிகள் தாம்பாளம்போல விரிந்தவை. நீர்மட்டம் கடைசியாக ஏறும் ஓரிரு அடிகளில்தான் பெரும்பரப்பு முங்கும். மழை பொய்த்த வருடங்களில் அந்த இடம் காய்ந்து, பையன்கள் ஸ்டம்பு நட்டு விளையாடும் பொட்டலாகிவிடும். மனைக் கற்கள் முளைப்பதும் அப்போதுதான். சித்திரையில் பார்த்து அட்வான்ஸ் கொடுத்தவருக்கு ஐப்பசியில் முழங்கால் தண்ணீர்.

பட்டா இருக்கிறது, வீட்டு வரி கட்டுகிறோம், கரண்ட் கொடுத்துவிட்டார்கள் என்பார்கள். இவை எதுவும் அந்த இடம் ஏரி அல்ல என்பதற்குச் சான்றாகாது. சர்வே எண்ணை வைத்து வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள், இணையத்திலேயே பார்க்கலாம். ஏரி, ஏரி உள்வாய், வாய்க்கால், ஓடை என்று எது எழுதியிருந்தாலும், எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். நீர்நிலையை வீட்டுமனையாக்கக் கூடாது என்று ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001லேயே சொல்லிவிட்டது.

ஏற்கெனவே வாங்கிக் குடியிருப்பவர்களுக்கும் உரிமை உண்டு. ஏரிப் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றலுக்கான தமிழ்நாட்டின் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, நோட்டீஸ் கொடுத்துத்தான் அகற்ற முடியும். நோட்டீஸைக் கிழித்துப் போடாமல் கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மாற்று இடம் கேட்டும் மனுக் கொடுங்கள். ஏமாற்றி விற்றவர்மேல் மோசடிப் புகார் கொடுக்கத் தயங்காதீர்கள். வாங்கியவர் வீடு மட்டும் இடிபட்டு, விற்றவர் தப்புவது அநியாயம்.

தண்ணீர் ஏறினால் முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில அவசர எண் 1070. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். அப்படிக் கெட்ட எஞ்சினுக்குச் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் இழப்பீடு கிடைக்காது. வடிந்தபின், சேற்றைக் கழுவுவதற்கு முன்பே சுவரில் பதிந்த நீர்க்கோட்டைக் கதவு எண்ணோடு சேர்த்துப் படமெடுங்கள். 2023 மிக்ஜாம் புயல் நிவாரணம் ₹6,000 ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. அந்த முகவரியில் ரேஷன் அட்டை இல்லாமல் வாடகைக்கு இருப்பவர்கள், அங்கே குடியிருப்பதைக் காட்ட ஒப்பந்தம், கேஸ் ரசீது இரண்டையும் நனையாமல் வைத்திருங்கள்.

மதகு எத்தனை மணிக்குத் திறந்தது, எவ்வளவு விட்டார்கள், எந்தத் தெருவுக்கு எச்சரிக்கை போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ₹10 கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஏரி, கால்வாய் ஆக்கிரமிப்பால் இழப்பு நேர்ந்தால், சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 5 ஆண்டுகளுக்குள் இழப்பீடு கோரலாம்.