பத்திரிகைப் படிப்பும் கடன் பத்திரமும்

பத்திரிகைத் தொழிலுக்கும் கடனுக்கும் நமது நாட்டில் உள்ள உறவு பழையது. 1878-ஆம் வருஷம் செப்டம்பர் 20-ந் தேதி, இரண்டு உபாத்தியாயர்களும் நான்கு சட்ட மாணாக்கர்களும் சேர்ந்து, ஒரு ரூபாய் பன்னிரண்டணா கடன் வாங்கி, எண்பது பிரதிகள் அச்சிட்டுச் சென்னையில் 'ஹிந்து'வைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் 'சுதேசமித்திர'னை நிறுவினார். 1904-ல் அதன் காரியாலயத்தில் உதவியாசிரியராக அமர்ந்துதான் பாரதியார் இத்தொழிலைக் கற்றார். அவருக்கு அந்தக் காரியாலயமே கல்லூரி. கற்ற காலத்தில் அவர் சம்பளம் வாங்கினாரேயன்றிச் சம்பளம் கட்டவில்லை.

இன்று முறை தலைகீழாகிவிட்டது. 1947-ல் சென்னைச் சர்வகலாசாலை பத்திரிகைக் கலையைப் பாடமாக்கியது. பின்னர்ப் பல சர்வகலாசாலைகளும் தனியார் கல்லூரிகளும் அவ்வழியே சென்றன. இக்கல்வியை நாம் குறை கூறவில்லை. சட்டமும் பொருளாதாரமும் அறியாத நிருபன் நாட்டுக்குப் பாரமே ஆவான். ஆனால் அக்கல்விக்கு என்ன விலை கொடுக்கிறோம், அவ்விலை திரும்பி வருமா என்பதை ஆராய்வது நமது கடமை.

விழுப்புரம் ஜில்லா வானூர் தாலூகாவில், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலைக்குச் சமீபத்தில் இரும்பை என்ற கிராமம் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பாடிய மாகாளம் அது. அவ்வூர்க் குடியானவர் ஒருவரின் மகன், பட்டணத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் ஒரு வருஷப் பத்திரிகைப் படிப்புக்காக 5 லட்சம் ரூபாய் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஏழரை லட்சம் வரை பாங்கிகள் சொத்து ஈடு கேட்பதில்லை. தகப்பனார் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டுவதில்லை. இதைக் கேட்டதும் குடும்பம் மகிழ்ச்சி அடைகிறது. ஆனால் தவணைதான் தூங்குகிறது, வட்டி தூங்குவதில்லை. நூற்றுக்குப் பத்து வட்டியில் இரண்டு வருஷத்தில் ஒரு லட்சம் சேர்ந்துவிடும். 6 லட்சமான கடனை ஏழு வருஷத்தில் அடைக்க மாதந்தோறும் சுமார் 9,960 ரூபாய் கட்ட வேண்டும். வாங்கியது 5 லட்சம். கட்டி முடிப்பது சுமார் 8 லட்சத்து 37 ஆயிரம்.

பையனுக்கு முதற் சம்பளம் மாதம் 20,000 ரூபாய் என்று கொள்வோம். சரிபாதி பாங்கிக்குப் போய்விடும். மிச்சத்தில் பட்டணத்தில் வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் அத்தனையும் நடக்க வேண்டும். அவன் தாலூகா நிருபனாகத் திண்டிவனத்திலோ வானூரிலோ அமர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். நிரந்தரச் சம்பளமின்றி, அனுப்பிய செய்திக்கு ஏதோ கொடுத்துத் தாலூகா நிருபர்களை நடத்தும் வழக்கம் நம்மிடையே உண்டு என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். 1955-ல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் பிறந்தது. மஜீதியா சம்பளக் குழுவின் சிபாரிசை சர்க்கார் 2011-ல் ஏற்றுப் பிரகடனம் செய்தனர். முதலாளிகள் தொடுத்த வழக்கைத் தள்ளி, 2014 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அதனை ஊர்ஜிதம் செய்தது. அப்படியும் கொடுக்காத பத்திரிகைகள் மீது அவமதிப்பு வழக்குத் தொடர நேர்ந்து, 2017-ல் மறுபடியும் தீர்ப்புக் கூற வேண்டியதாயிற்று. 2025 நவம்பரில் அமுலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்தப் பழைய சட்டமும் அடங்கிவிட்டது. காகிதத்தில் உள்ள சம்பளம் வேறு, கையில் விழும் சம்பளம் வேறு என்பதே இச்சரித்திரம் கற்பிக்கும் பாடம். கல்லூரியின் விளம்பரத்தை நம்பிக் கணக்குப் போடுவோர் இதை மறக்கலாகாது.

"பத்திரிகைத் தொழில் தேச சேவை; அதில் லாப நஷ்டம் பார்ப்பதா?" என்று சிலர் ஆட்சேபிக்கக் கூடும். சேவை என்பது உண்மை. ஆகையினாலேயே நாம் கடனைக் கண்டு அஞ்சுகிறோம். மாதம் முதல் தேதியில் தவணை கட்ட வேண்டியவன், முதலாளி அடித்துவிட்ட வரியை ஏன் அடித்தீர் என்று கேட்பானா? மணற் கொள்ளையை எழுதாதே என்று மிரட்டும் பிரமுகரை எதிர்த்து வேலையை இழக்கத் துணிவானா? அடகு வைத்த எருது பிறர் ஏரில்தான் உழும். மற்றொரு தீங்கும் உண்டு. கடனுக்கு அஞ்சும் ஏழைக் குடும்பங்கள் ஒதுங்கிக்கொண்டால், பணமுள்ள வீட்டுப் பிள்ளைகளே நிருபர்களாவார்கள். இரும்பையின் ஏரியில் தண்ணீர் இல்லை என்பது அவர்களுக்குச் செய்தியாகத் தோன்றுமா?

ஆகவே பெற்றோருக்கு நாம் கூறும் யோசனை இது. கடன், முதல் வருஷச் சம்பளத்துக்கு மேற்படலாகாது. மேற்சொன்ன சம்பளத்துக்கு அது 2 லட்சத்து 40 ஆயிரம். தவணை மாதம் 4,800-க்குள் நிற்கும். நான்கில் ஒரு பங்கு போனாலும் மனிதன் நிமிர்ந்து நடக்கலாம். சென்ற மூன்று வருஷங்களில் படித்து வெளியேறியவர்கள் எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று கல்லூரியை எழுத்து மூலம் கேளுங்கள். பதில் தராத கல்லூரிக்குப் பணமும் தராதீர்கள். குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்குப் படிப்புக்கால வட்டியைச் சர்க்கார் ஏற்கும் திட்டங்கள் உண்டு. நீங்கள் சேரும் படிப்பு அதில் அடங்குமா என்பதைக் கையெழுத்திடுவதற்கு முன்பே விசாரியுங்கள். இரும்பைக்கு அதிக தூரமில்லாத காலாப்பட்டில் மத்திய சர்க்காரின் புதுச்சேரிச் சர்வகலாசாலை இருக்கிறது; அங்கே வெகுஜனத் தொடர்புக் கல்வி கற்பிக்கிறார்கள். பக்கத்தில் இருப்பதை விசாரியாமல் பட்டணத்துக்கு ஓடுவது விவேகமாகாது.

பெற்றோருடன் காரியம் முடிந்துவிடவில்லை. பத்திரிகை முதலாளிகள் பழைய வழக்கத்தைப் புதுப்பிக்க வேண்டும்: கிராமத்துப் பிள்ளைகளைச் சம்பளம் கொடுத்துப் பழக்கிக்கொள்ள வேண்டும். தேசாபிமானிகள் ஜில்லாவுக்கு ஒன்றாயினும் உபகாரச் சம்பள நிதி திரட்ட வேண்டும். சுதந்திரமான பத்திரிகை வேண்டும் என்று மேடையில் முழங்குகிறோம். எழுதும் கையைக் கடன் பத்திரத்தால் கட்டிப்போட்டுவிட்டு அந்தச் சுதந்திரத்தை எங்கே தேடுவது?