ஒற்றைத் தூண் சாப்பாட்டு மேசை

ஆறு பேர் உட்காரும் வட்ட மேசைக்கு ஓரத்தில் நான்கு கால் வைத்தால் யாராவது ஒருவருக்கு முழங்கால் இடிக்கும். நடுவில் ஒரே தூணை நிறுத்தி, அதன் அடியில் பாதங்களை விரித்துவிட்டால் எல்லோரும் தாராளமாகக் கால் நீட்டலாம். பார்க்கவும் அழகு. ஆனால் சாப்பிட்டு முடித்த பாட்டி விளிம்பில் கையூன்றி எழும்போது மேசை கவிழக் கூடாதே! இந்த மேசையின் வடிவமைப்பு முழுவதும் அந்த ஒரு நொடிக்காகத்தான்.

மேசை கவிழ்வது பாதத்தின் நுனியை ஊன்றி அல்ல. பக்கத்துப் பக்கத்துப் பாதங்களின் நுனிகளைச் சேர்த்து ஒரு கோடு போடுங்கள்; அந்தக் கோட்டின் மேல்தான் கவிழும். 120 செ.மீ. விட்டமுள்ள மேசை, மொத்த எடை 50 கிலோ, மையத்திலிருந்து பாத நுனி 45 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மூன்று பாதம் என்றால் கோடு மையத்திலிருந்து 22.5 செ.மீ. தூரத்தில் விழும், இரு பாதங்களுக்கு நடுவே விளிம்பில் 30 கிலோ அழுத்தினாலே எதிர்ப்பக்கம் தூக்கும். நான்கு பாதமானால் கோடு ஏறக்குறைய 32 செ.மீ.க்கு நகர்ந்துவிடும், சுமார் 56 கிலோ வரை தாங்கும். மேடுபள்ளமான தரையில் மூன்று பாதம் ஆடாது என்பது உண்மைதான். இருந்தாலும் சாப்பாட்டு மேசைக்கு நான்குதான் சரி.

அடுத்தது மூட்டு. பாரம் தூணைக் கீழே அழுத்த, தரை பாதத்தை மேலே தள்ளுகிறது. அதனால் பாதம் தூணோடு சேரும் இடத்தில், அடிப்பகுதி பிய்த்துக்கொள்ளப் பார்க்கும். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மூன்று பாதத் தேநீர் மேசை செய்த தச்சர்கள் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். பாதம் தூணோடு சேரும் முனையில், உள்ளே போகப் போக அகலமாகும் நாக்கு ஒன்றைச் செதுக்கி, தூணில் அதற்கேற்ற பள்ளம் வெட்டி, கீழிருந்து மேலாகச் செருகினார்கள். வெளிப்பக்கம் இழுத்தால் வராது. பாரம் ஏறினால் இன்னும் இறுகும். அடியில் பாதங்களையும் தூணையும் இணைத்து ஓர் இரும்புத் தகடும் அறைந்தார்கள். இவ்வளவு எளிமையாக இவ்வளவு உறுதி தரும் மூட்டுகள் தச்சு வேலையில் குறைவு.

வளைந்த பாதத்துக்கு மரத்தின் நார் நுனிவரை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் வளைவில் படீரென்று முறியும். தூணை ஒரே கட்டையில் கடையவும் கூடாது. வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்கி வெடிப்பு விடும். நன்கு காய்ந்த பலகைகளை ஒட்டி, பிறகு கடைசல் பிடிப்பதே நல்லது. மேற்பலகையும் மழைக்காலத்தில் அகலவாக்கில் சில மில்லிமீட்டர் விரியும் என்பதால், அடிச்சட்டங்களில் திருகாணித் துளைகளைச் சற்று நீளமாக விடுவார்கள்.

தேக்கில் கைவைக்குமுன், மலிவான ப்ளைவுட்டில் பாதங்களை வெட்டி ஒரு மாதிரி செய்து பாருங்கள். மேலே பலகையைப் போட்டு, உண்மையான மேசையின் எடை வரும்வரை நடுவில் மணல் மூட்டை வைத்து, இரு பாதங்களுக்கு நடுவே விளிம்பில் இரு கைகளையும் ஊன்றி அழுத்துங்கள். எதிர்ப்பக்கப் பாதங்கள் தரையை விட்டு எழுந்தால், பாதத்தின் நீளத்தை ஐந்து செ.மீ. கூட்டி மறுபடி அழுத்திப் பாருங்கள்.