சோறு இருக்கு... காத்து இருக்கா?

காலையில மூணு இட்லி சாப்பிட்டாச்சு. ஆனா அறந்தாங்கி பஸ்ல இருந்து இறங்கி, காலேஜ்ல ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குது. முதல் பீரியட்லயே கண்ணு சொருகுது. வீட்ல ‘சோம்பேறி’னு பட்டம் வேற. கொஞ்சம் பொறுங்க ஃப்ரெண்ட்ஸ், அது சோம்பேறித்தனமா இல்லாமலும் இருக்கலாம்!

ஆவுடையார்கோவில் பக்கத்து ஆளா நீங்க? அப்போ இது தெரிஞ்சிருக்கும். ஆத்மநாதர் சந்நிதியில லிங்கம் கிடையாது, ஆவுடையார் மட்டும்தான். நைவேத்தியமும் வித்தியாசம். புழுங்கலரிசிச் சோத்தை சுடச்சுடப் பரப்பி வைப்பாங்க. அதுல எழும்புற ஆவிதான் சாமிக்கு! கூடவே கீரை, பாகற்காய். சாமிக்கு ஆவியே போதும். நமக்குச் சோறும் வேணும், காத்தும் வேணும். ரெண்டும் சந்திச்சாதான் சக்தி.

சந்திக்கிற இடம் வயிறு இல்லை, உடம்போட ஒவ்வொரு செல்லும்தான். சோறு குளுக்கோஸா மாறி ரத்தம் வழியா அங்கே போகும். செல்லுக்குள்ள இருக்கிற மைட்டோகாண்ட்ரியாதான் அடுப்பு. அதுல கிடைக்கிற சக்திக்கு ஏ.டி.பி.னு பேர். ஆக்சிஜன் இருந்தா ஒரு குளுக்கோஸ்ல இருந்து சுமார் 30 ஏ.டி.பி. இல்லைன்னா வெறும் 2! அதே சோறுதான், கணக்குதான் வேற.

மூணு பேர், ஒரு டீம்

நுரையீரல்ல கோடிக்கணக்கான குட்டிக் காற்றறைகள் இருக்கு. ரத்தம் ஆக்சிஜனை வாங்கிக்கிறது அங்கேதான். சுமக்கிற கூலி, சிவப்பணுவுல இருக்கிற ஹீமோகுளோபின். தள்ளி விடுற பம்ப், இதயம். நீங்க சும்மா உட்கார்ந்திருந்தாலே அது நிமிஷத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தம் தள்ளும். ஓடினா நாலு மடங்குக்கும் மேல போகும்.

நம்ம புதுக்கோட்டை மாவட்டத்து எல்.சூர்யாவைத் தெரியுமா? 2016 குவஹாத்தி தெற்காசியப் போட்டியில 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ரெண்டுலயும் தங்கம்! 10,000 மீட்டர்னா மைதானத்தை 25 சுத்து. அந்த ஓட்டம் கிட்டத்தட்ட முழுக்க ஆக்சிஜனை நம்பித்தான். தினமும் ஓடினா நுரையீரல் பெருசாகும்னு நினைக்காதீங்க. ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் தள்ள இதயம் பழகிக்கும். அதான் விஷயம்.

கூலி குறைஞ்சா?

நுரையீரல் ஓகே, இதயம் ஓகே. ஹீமோகுளோபின் மட்டும் கம்மி. அப்போ என்ன ஆகும்? 12 கிராம் இருந்தா 100 மில்லி ரத்தம் சுமார் 16 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 8 கிராம்னா 11 மில்லிகூடத் தேறாது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாத் துடிக்கும். மாடி ஏறினா படபடப்பு, கிளாஸ்ல தூக்கம், படிச்சது மனசுல நிக்காது.

இது யாரோ ஒருத்தர் பிரச்னை இல்லை. 2019-21ல எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல, தமிழ்நாட்டுல 15 வயசுல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை! உங்க பெஞ்ச்ல நாலு பேர் இருந்தா, ரெண்டு பேருக்கு இருக்கலாம். மாதவிலக்குல ரத்தம் அதிகம் போறது, வயித்துப் பூச்சி, ‘டயட்’னு சாப்பாட்டைத் தள்றது... காரணம் பல. பசங்களும் தப்பிக்க முடியாது.

என்ன செய்யலாம்?

● அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் டெஸ்ட் பண்ணிக்கோங்க. ஒரு துளி ரத்தம், அவ்வளவுதான். பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13க்குக் கீழே போனா டாக்டரைப் பாருங்க.

● ஸ்கூல்ல தர்ற இரும்புச் சத்து மாத்திரையை ஜன்னல் வழியா வீசாதீங்க. மலம் கறுப்பாப் போனா பயப்பட வேண்டாம். அது மாத்திரையோட வேலை.

● முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சை சாப்பிடுங்க. அசைவம்னா ஈரல், சுவரொட்டி. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தா இரும்பு நல்லா உடம்புல சேரும்.

● சாப்பிட்ட கையோட டீ வேண்டாம். ஒரு மணி நேரம் போகட்டும்.

டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் அந்த நம்பரை வீட்ல காட்டுங்க. ‘சோம்பேறி’ பட்டம் வாபஸ் ஆகலாம். சாயங்காலம் கீரைக் கட்டு வாங்க அப்பாவே கிளம்பலாம்!