தீவு நர்ஸும் ஓ.இ.டி. தேர்வும்

நர்ஸிங் முடித்த பெண் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினால், போர்ட் பிளேர் தமிழ் வீடுகளில் ஒரு கேள்வி எழும். "படிச்சதே இங்கிலீஷ்லதானே, மறுபடி எதுக்கு இங்கிலீஷ் பரீட்சை?" நியாயமான கேள்விதான். பாடப்புத்தகம் ஆங்கிலம், தேர்வுத்தாள் ஆங்கிலம், கேஸ் ஷீட்டும் ஆங்கிலம். அப்படியிருந்தும் பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகள் தனியாக ஒரு மொழித்தேர்வு கேட்கின்றன. ஏன் கேட்கின்றன என்பது புரிந்தால், எப்படிப் படிப்பது என்பதும் பாதி புரிந்துவிடும்.

ஜி.பி. பந்த் மருத்துவமனையில் ஒரு காலை டியூட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். திக்லிபூரிலிருந்து கப்பலேறி வந்த வங்காளிப் பாட்டிக்கு வங்காளம் கலந்த இந்தி. பக்கத்துக் கட்டிலில் ராஞ்சிக்காரப் பெரியவருக்கு சாத்ரி சாயலில் இந்தி. கட்சாலிலிருந்து வந்த, இலங்கையிலிருந்து குடியேறிய குடும்பத்து அம்மாவுக்குத் தமிழ். கூட வேலை பார்க்கும் மலையாளி சிஸ்டரிடம் எல்லாம் கலந்த ஒரு பேச்சு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தத் தீவுகளில் வங்காளம் பேசுவோர் நூற்றுக்கு 28 பேர், தமிழர் 15 பேர். தெலுங்கு, நிக்கோபாரி, மலையாளம் என்று பட்டியல் நீளும். இத்தனை பேரையும் சமாளிக்கும் நர்ஸுக்கு அந்த எட்டு மணி நேரத்தில் ஆங்கிலத்தில் வாய் திறக்கும் தேவை மிகக் குறைவு. எழுதுவதும் சுருக்கெழுத்துகளும் எண்களும்தான்: பி.பி. இவ்வளவு, காய்ச்சல் இவ்வளவு, இன்ன மருந்து கொடுத்தாயிற்று.

வெளிநாட்டு கவுன்சில்கள் பார்ப்பதும் இதைத்தான். ஆங்கிலத்திலேயே படித்தவர் என்று ஏற்றுக்கொள்ள பிரிட்டனின் நர்ஸிங் கவுன்சில் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அளவுகோல் வைத்திருந்தது. படிப்பில் பாதியாவது நோயாளிகளோடு பழகும் பயிற்சியாக இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் நூற்றுக்கு 75 பங்கு ஆங்கிலத்தில் நடந்திருக்க வேண்டும். நம் தீவில் மட்டுமல்ல, மதுரையிலோ கோட்டயத்திலோ பயின்றவராலும் இதைக் காட்ட முடியாது. அமெரிக்க ஆட்சிக் காலத்திலிருந்தே ஆங்கிலத்தில் நர்ஸிங் கற்பிக்கும் பிலிப்பைன்ஸுக்கும் இதே நிலைதான். அங்கே ஆங்கிலம் ஆட்சிமொழி. உலகம் முழுக்க நர்ஸுகளை அனுப்பிப் பழகிய நாடு. ஆனாலும் மணிலா வார்டில் நோயாளி பேசுவது தகலோக். அதனால் அவர்களும் இதே தேர்வுகளை எழுதுகிறார்கள். அரை மதிப்பெண்ணில் தவறிவிட்டு மறுபடி எழுதுகிறார்கள். பிரிட்டன் பதிவேட்டில் இன்று பிலிப்பைன்ஸில் பயின்றவர்களைவிட இந்தியாவில் பயின்றவர்கள் அதிகம்.

தேர்வுகள் இரண்டு. ஐ.இ.எல்.டி.எஸ். யாருக்கும் பொதுவானது. வரைபடத்தைப் பார்த்து 150 சொல்லில் ஒரு விவரிப்பு, 250 சொல்லில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். தலைப்பு நகரப் போக்குவரத்தாகவும் இருக்கலாம், விளம்பரங்களின் பாதிப்பாகவும் இருக்கலாம். ஓ.இ.டி. மருத்துவத் துறையினருக்கென்றே 1980களில் ஆஸ்திரேலியாவில் உருவானது. பிரிட்டன் அதை நர்ஸுகளுக்கு ஏற்றுக்கொண்டது 2017 நவம்பரில். பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் கேட்டல், வாசித்தல், பேசுதலில் 7, எழுதுதலில் 6.5 வேண்டும். ஓ.இ.டி. என்றால் அந்த மூன்றிலும் பி கிரேடு, எழுதுதலில் சி பிளஸ். எழுத்துக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? முன்பு அதிலும் 7 கேட்டார்கள். நல்ல நர்ஸுகள் கூட்டங்கூட்டமாக அந்த ஒன்றில் மட்டும் தவறியதால் 2018 டிசம்பரில் இறக்கினார்கள்.

எது நல்லது என்று கேட்டால், வார்டில் வேலை பார்க்கிறவருக்கு ஓ.இ.டி.தான் என்பேன். கட்டணம் அதிகம், 587 ஆஸ்திரேலிய டாலர் என்ற அளவில் வாங்கிவந்தார்கள். நம் பணத்தில் முப்பதாயிரத்துக்கு மேல். ஆனால் அதில் கேட்பது உங்கள் வேலையை.

அதன் எழுத்துத்தேர்வைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். இரண்டு பக்கக் கேஸ் குறிப்பு தருவார்கள். எழுபத்தெட்டு வயதுப் பாட்டி, குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, நாளை வீடு திரும்புகிறார், வீட்டில் தனியாள். கூடவே, முப்பது வருஷத்துக்கு முன் குடல்வால் எடுத்தது, மகன் வெளியூரில் இருப்பது, பாட்டிக்குப் பூனை என்றால் உயிர் என்பது எல்லாம் இருக்கும். வீட்டுக்கு வந்து கவனிக்கப்போகும் நர்ஸுக்கு 180 முதல் 200 சொல்லில் கடிதம் எழுத வேண்டும். வாசிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். நம் பிள்ளைகள் செய்வது, குறிப்பில் உள்ளதை மேலிருந்து கீழே வரிசையாக வாக்கியமாக்குவது. குடல்வால் உள்ளே வந்துவிடும். தையல் எந்த நாளில் பிரிக்க வேண்டும் என்பது கடைசி வரிக்குப் போய்விடும். இலக்கணம் சுத்தமாக இருந்தும் கிரேடு சறுக்குவது இங்கேதான். எதற்காக எழுதுகிறேன் என்பதை முதல் பத்தியிலேயே சொன்னார்களா, படிப்பவருக்குத் தேவையானதை மட்டும் எடுத்தார்களா என்று திருத்துபவர் தனித்தனியாக மதிப்பெண் போடுகிறார். பாட்டி தனியாக இருப்பது முக்கியம். பூனை, அவர் தடுக்கி விழக் காரணமாக இருந்தால் மட்டுமே முக்கியம்.

பேசும் தேர்வு இன்னொரு விதம். மூன்று நிமிடம் அட்டையைப் படித்துத் தயாராகலாம். பிறகு ஐந்து நிமிடம் எதிரே இருப்பவர் நோயாளியாக நடிப்பார். இப்படி இரண்டு முறை. பி.பி. மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்ட பஸ் டிரைவர் என்று வைத்துக்கொள்வோம். வார்டில் நேரமில்லாத பழக்கத்தில் நமக்கு முதலில் வருவது அதட்டல்: நிறுத்தினால் பக்கவாதம் வரும், ஒழுங்காகப் போடுங்கள். இந்தத் தேர்வில் அது எடுபடாது. ஏன் நிறுத்தினார் என்று கேட்க வேண்டும். தலைசுற்றலால் பஸ் ஓட்டப் பயந்து நிறுத்தினேன் என்று அவர் சொன்னால், அந்தப் பயம் நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டு, அதன்பிறகே விளக்க வேண்டும். சொன்னது புரிந்ததா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். தமிழில் நம்மவர்கள் இதை அழகாகச் செய்வார்கள்: "என்னாச்சு தாத்தா, மாத்திரை ஒத்துக்கலையா?" அந்த "தாத்தா"வே பாதி வேலையைச் செய்துவிடும். ஆங்கிலத்தில் அந்த உறவுமுறை கூட வராது. அந்தப் பரிவை முழு வாக்கியங்களால் காட்ட வேண்டியிருக்கிறது. பயிற்சியில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். இலக்கணப் புத்தகத்துக்கு அடுத்த இடம் போதும்.

திறமை இல்லாதவர்கள் அல்ல தீவு நர்ஸுகள். லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக்கில் ஓங்கே பழங்குடி மக்களோடு இருந்து பணியாற்றி, 2011இல் பத்மஸ்ரீ பெற்ற சாந்தி தெரசா லக்ரா இந்தத் தீவுகளின் நர்ஸ்தான். மொழி தெரியாத நோயாளியின் முகம் பார்த்து வலியை அறிகிற பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. அந்த நுண்மையை ஆங்கில வாக்கியங்களில் ஏற்றத்தான் தினமும் பயிற்சி வேண்டும்.

எப்படிப் பழகுவது? டியூட்டி முடிந்ததும் ஒரு நோயாளியை நினைத்து, பெயர், விலாசம் எதுவும் இல்லாமல், 200 சொல்லில் ஒரு கடிதம் எழுதுங்கள். தோழியோடு ஹேண்டோவரை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். ஒருவர் நோயாளியாக நடித்து முரண்டு பிடிக்கட்டும். கேட்கும் தேர்வில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய உச்சரிப்புகள் வரும். காதுக்கு அவை பழக மாதக்கணக்கில் ஆகும், கடைசி வாரத்தில் பழகாது. ஆன்லைன் வகுப்பு இப்போது தீவிலும் சாத்தியம். சென்னையிலிருந்து கடலடியில் போட்ட கேபிள் 2020 ஆகஸ்டில் போர்ட் பிளேருக்கும் கார் நிக்கோபார், காமோர்ட்டா போன்ற தீவுகளுக்கும் வந்தது. அதற்கு முன் செயற்கைக்கோள் இணைப்பில் வீடியோ பாடம் பார்க்க முயன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

யாருக்கு இந்தத் தேர்வு வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏ.என்.எம். படிப்பு மட்டும் முடித்தவர்கள் பிரிட்டனில் நர்ஸாகப் பதிய முடியாது, ஜி.என்.எம். அல்லது பி.எஸ்ஸி. வேண்டும். ஏஜென்ட் வேறு மாதிரி சொன்னால் பணம் கட்டாதீர்கள். ஜெர்மனி போக ஆங்கிலம் உதவாது, ஜெர்மன் மொழியில் பி2 நிலை வேண்டும். வளைகுடாவுக்குப் பெரும்பாலும் தனி மொழித்தேர்வு இல்லை; தொழிலறிவைச் சோதிக்கும் ப்ரோமெட்ரிக் தேர்வு ஆங்கிலத்தில் நடக்கும். ஏஜென்ட் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிந்தவரா என்று பாருங்கள். சேவைக்கட்டணமாக அவர் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். சென்னையிலுள்ள தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் நர்ஸுகளை அனுப்புகிறது. "பரீட்சை இல்லாம சர்டிபிகேட் வாங்கித் தர்றோம்" என்பவர் பக்கமே போகாதீர்கள். 2023இல் நைஜீரியாவின் இபாடான் நகரில் ஒரே ஒரு தேர்வு மையத்தின் முடிவுகள் சந்தேகத்துக்குள்ளாகி, அங்கே பிரிட்டனுக்கான தொழிலறிவுத் தேர்வைக் கணினியில் எழுதிய நூற்றுக்கணக்கான நர்ஸுகளின் பதிவு சிக்கலுக்குள்ளானது. நேர்மையாக எழுதியவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள்.

தேதி குறிப்பதிலும் கவனம் வேண்டும். ஓ.இ.டி. எழுத சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ போக வேண்டியிருக்கும். சென்னைக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம். கப்பலென்றால் மூன்று நாள், மழைக்காலத்தில் அதுவும் தள்ளிப்போகும். பிரிட்டன் கேட்பது இரண்டு ஆண்டுக்குள் எழுதிய தேர்வின் முடிவு. அதனால் கல்லூரிச் சான்றிதழ், பணியனுபவக் கடிதம் எல்லாம் கைக்கு வரும் காலத்தை ஒட்டி எழுதுவது நல்லது. முதல் முறை ஒன்றில் குறைந்துவிட்டால் அந்த முடிவை ஒதுக்கிவிடாதீர்கள். 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்த்துக்கொள்ள 2023 முதல் பிரிட்டன் அனுமதிக்கிறது. இரண்டிலும் எந்தப் பகுதியும் சி பிளஸுக்கும், எழுத்து சி-க்கும் கீழே இறங்காமல் இருந்தால் போதும்.