பள்ளித் தோட்டத்தில் ஐப்பசிக் காய்கறிகள்

1997 வரை ஒரே மாவட்டமாயிருந்த சேலம், நாமக்கல் சமவெளியில் கிராமப் பள்ளிகள் தோட்டம் போடுவது புதிய விஷயமன்று. அத்தோட்டங்களிற் பல ஏன் பாதியில் அழிந்துபோகின்றன என்பதே ஆராயத்தக்கது. மண் பொல்லாதது, ஜலம் போதாது என்று காரணம் கூறுவர். பெரும்பாலும் குறை அங்கில்லை. பயிரின் நாட்கணக்கையும் பள்ளியின் நாட்கணக்கையும் எவரும் பொருத்திப் பார்ப்பதில்லை. வெண்டை நன்கு காய்க்கும் சமயத்தில் அரையாண்டுப் பரீட்சை வந்துவிடுகிறது. விடுமுறை கழிந்து திரும்பும் பிள்ளை, தான் கையால் விதைத்த செடி வாடிக் கிடப்பதைக் காண்கிறது. பத்து வயதில் அதைக் கண்ட பிள்ளையிடம், பிறகு உழவின் பெருமையைப் பற்றி எத்தனை பாடம் நடத்தினாலும் பயனில்லை.

பள்ளியாண்டு ஜூன் மாதத்தில் தொடங்கிக் கோடையில் முடிகிறது. ஆகவே காலாண்டு விடுமுறை கழிந்து, அக்டோபர் முதல் வாரத்தையொட்டிப் பள்ளி திறக்கும் நாளே தோட்டத்துக்கு உகந்த தொடக்கமாகும். குளிர்நாடுகளில் இப்பருவத்தில் இலையுதிர, தோட்ட வேலையை ஒடுக்குவர். அந்நாட்டு நூல்களைப் பார்த்துத் திட்டம் வகுப்போர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

நிலமும் எருவும்.— வடகிழக்குப் பருவமழை கடலோர மாவட்டங்களிற் போல் இங்கு நாட்கணக்கில் பெய்வதில்லை. ஆயினும் மாலையில் ஒரே மூச்சாய்க் கொட்டும் மழை செம்மண்ணை இறுக்கி, விதையையும் அடித்துச் செல்லும். ஆதலின் பாத்தியைத் தரைக்கு மேல் அரையடி உயர்த்தி, சிறுவர் இருபுறமும் நின்று மிதியாமல் களையெடுக்கும்படி 3 அடி அகலத்தில் அமைக்க வேண்டும். நீளம் 18 அடியாயின் ஒரு பாத்தி ஏறக்குறைய 5 சதுர மீட்டராகும். மட்கிய குப்பை எருவே சிறந்தது. நாமக்கல் பக்கம் கோழி எரு எளிதிற் கிடைப்பதால் அதைப் பச்சையாகவே கொட்டுவோர் உளர். அதன் உஷ்ணம் இளவேரைக் கருக்கிவிடும். அதிலுள்ள நோய்க்கிருமிகள் கீரையின் வழியே பிள்ளைகளின் வயிற்றுக்கும் செல்லக்கூடும். மண்ணும் சருகும் கலந்து குவித்து, நன்றாய் மட்கி நாற்றம் நீங்கிய பின்பே இடுக.

கீரை.— முதலில் விதைக்க வேண்டியது சிறுகீரையும் தண்டுக்கீரையுமே. பிள்ளைகளுக்குப் பொறுமை குறைவு. முளைப்பைச் சில நாட்களிலும் அறுவடையை 25 நாட்களிலும் காட்டும் பயிர் இதைவிட வேறில்லை. நன்கு விளைந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ கிடைக்கும். தலைக்கு 50 கிராம் வீதம் 100 பிள்ளைகளுக்கு 5 கிலோ தேவை. அதாவது ஒரு பாத்தி. நான்கு பாத்திகளை வாரத்துக்கு ஒன்றாக விதைத்து, பறித்த பாத்தியில் உடனே மறுபடியும் விதைத்துவந்தால், வாரம் ஒருநாள் பள்ளி முழுவதும் சொந்தக் கீரையை உண்ணலாம். இக்கணக்கைப் பிள்ளைகளையே போடச் செய்க. நுண்ணிய விதையாதலால் மணலோடு கலந்து தூவ வேண்டும். எறும்பு விதையை இழுத்துச் செல்லாதபடி பாத்தியின் ஓரத்தில் சாம்பல் தூவுவது வழக்கம்.

விடுமுறைக்கு முன்னும் பின்னும்.— வெண்டையையும் கொத்தவரையையும் பள்ளி திறந்த வாரமே விதைத்தால், ஏறக்குறைய 45 அல்லது 50 நாட்களில், நவம்பர் பிற்பகுதியில் பறிப்புத் தொடங்கும். வெண்டையை ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். முற்றவிட்டால் செடி காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். விடுமுறை நெருங்கியதும் நல்ல செடிகள் நாலைந்தில் மட்டும் காயைப் பறியாது விதைக்கு விட்டுவிடலாம். அப்போது எவருமில்லாத நாட்களில் காய் முற்றுவது நஷ்டமாகாது. அடுத்த ஆண்டின் விதையாகும். கலப்பின வீரிய விதைக்கு இது பொருந்தாது. அதன் வித்து தாயைப்போல் வாராது. இலை நரம்பு மஞ்சளித்த வெண்டைச் செடியை வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி பற்றியிருக்கும். அதற்கு மருந்தில்லை, கண்டவுடன் பிடுங்கி அழிக்க வேண்டும். முள்ளங்கியை ஐப்பசி முதல் வாரத்தில் விதைத்தால் பரீட்சைக்கு முன் பிடுங்கிவிடலாம்.

தக்காளியும் கத்தரியும் விடுமுறைக்குப் பிந்திய பயிர்கள். அக்டோபர் நடுவில் நாற்றுவிட்டு நவம்பர் நடுவில் நட்டால், பொங்கல் கழிந்தபின் காய்ப்பு வந்து பள்ளியாண்டின் இறுதிவரை நீடிக்கும். மழைக்காலத்தில் நாற்று அழுகி மடிவதே இவற்றுக்குள்ள பேராபத்து. நாற்றங்காலை உயர்த்தி, விதையை நெருக்காமல் வரிசையாய்த் தூவி, ஜலம் தேங்கவிடாதிருந்தால் பெரும்பாலும் தப்பலாம்.

பிள்ளைகள் புழங்குமிடத்தில் விஷ மருந்து எதுவும் தெளிக்கலாகாது. 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் ஜலத்தில் இரவு முழுதும் ஊறவைத்து வடித்துச் சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து, பெரியவர் ஒருவர் மாலையில் தெளித்தால் போதும்.

மதிய உணவு 1956இல் பரவலாகத் தொடங்கி, 1982இல் சத்துணவுத் திட்டமாக விரிந்து, 2022 முதல் காலை உணவும் சேர்ந்துள்ள நாட்டில், தோட்டத்தின் விளைவு செல்ல வேண்டிய இடம் எதுவென்பதில் ஐயமில்லை. முதற்பறிப்பு வேறெவர் வீட்டுக்கேனும் சென்றதாயின், மறுவாரம் ஜலம் இறைக்கப் பிள்ளைகள் மனமுவந்து வாரார். அவ்வாறே, தவறு செய்த பிள்ளைக்குத் தண்டனையாகக் களைக்கொத்தைக் கொடுக்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும், சாதி, ஆண் பெண் பேதமின்றி முறை வைத்தே வேலை தரவேண்டும்.

விடுமுறைக்கு முன்பே தக்காளி, கத்தரிப் பாத்திகளில் வைக்கோலையோ கரும்புச் சோகையையோ பரப்பிவிட்டால் ஈரம் காக்கும். பள்ளிக்கு அருகில் வசிக்கும் குடும்பங்களில் நாலைந்தைக் கேட்டுக்கொண்டு, யார் எந்நாள் ஜலம் விடுவதென்பதை ஒரு தாளில் எழுதி, தோட்டத்துப் படலின் சாவியோடு முதற்குடும்பத்தாரிடம் ஒப்படைத்துவிட்டே பள்ளியைப் பூட்ட வேண்டும்.