இரண்டு குழந்தைகளுக்கு ஒரே ஸ்ட்ரோலர்: பெங்களூருவில் வாங்கும் முன் எதையெல்லாம் அளந்து பார்க்க வேண்டும்?

காலை 11 மணி. வீட்டில் பெரியவர் என்று நீங்கள் ஒருவர்தான். ஆறு மாதக் குழந்தை உங்கள் தோளில். இரண்டரை வயது மூத்தவன் "பார்க் போலாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான். ஊரிலிருந்து வந்து உதவியாக இருந்த அம்மா போன வாரம்தான் ரயிலேறினார். பார்க் 400 மீட்டர் தூரம்தான். ஆனாலும் நீங்கள் கிளம்பவில்லை. சின்னதைத் தூக்கிக்கொண்டு, பெரியவன் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சாலையைக் கடப்பதை நினைத்தாலே களைப்பாக இருக்கிறது.

பெங்களூருவில் வேலை பார்க்கும் பல தமிழ்க் குடும்பங்களில் இரண்டாவது குழந்தைக்குப் பிறகு இதுதான் நிலைமை. மகப்பேறு சலுகைக்கான சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு தருகிறது. தனியார் நிறுவனங்களில் அப்பாக்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அந்த 26 வாரத்தில் பெரும்பகுதி, இரண்டு குழந்தைகளும் ஒரே ஒரு பெரியவரும் நான்கு சுவர்களுக்குள் கழிக்கும் நேரம்தான்.

அப்போதுதான் 'டபுள் ஸ்ட்ரோலர் வாங்கலாமா?' என்ற கேள்வி வருகிறது. வாங்கலாம். ஆனால் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய வண்டி பால்கனியில் துணி உலர்த்தும் ஸ்டாண்டாக மாறிவிடும்.

முதலில், உங்களுக்கு அது தேவையா?

மூத்த குழந்தைக்கு மூன்று வயது தாண்டிவிட்டது என்றால், பெரும்பாலும் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி மூன்று வயது ஆண் குழந்தையின் சராசரி எடை 14 கிலோவைத் தாண்டும். பல ஸ்ட்ரோலர்களில் ஓர் இருக்கை தாங்கும் எடையே 15 கிலோதான். இன்று வாங்கினால், ஆறு மாதத்தில் பெரியவனுக்கு அது பயன்படாது.

இந்த வயதில் எளிய வழி ஒன்று இருக்கிறது. மூத்தது சின்ன சிங்கிள் ஸ்ட்ரோலரில், இளையது உங்கள் மார்போடு பேபி கேரியரில். நம் பாட்டிமார்கள் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று சமாளித்த அதே கணக்குதான். உங்கள் ஒரு கையாவது ஃப்ரீயாக இருக்கும்.

இரட்டைக் குழந்தைகள், அல்லது இரண்டு வயதுக்கும் குறைவான இடைவெளி என்றால் டபுள் ஸ்ட்ரோலர் நிச்சயம் கைகொடுக்கும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருப்பவர்கள், வாங்குவதற்கு முன் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்தோ, அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் கேட்டு இரவல் வாங்கியோ ஓட்டிப் பார்க்கலாம்.

பக்கத்தில் பக்கத்திலா, முன்னும் பின்னுமா?

டபுள் ஸ்ட்ரோலரில் அடிப்படையில் இரண்டு வகை. ஒன்றில் குழந்தைகள் பக்கம் பக்கமாக உட்காருவார்கள். இன்னொன்றில், பஸ் சீட் போல ஒருவர் பின்னால் ஒருவர். இதை 'டான்டம்' என்கிறார்கள்.

பக்கவாட்டு வகையில் 'காம்பாக்ட்' என்று விற்கப்படுபவை பெரும்பாலும் 70 முதல் 78 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். டான்டம் வகை ஒரு சிங்கிள் ஸ்ட்ரோலரைவிடச் சற்றே அகலம். ஆனால் நீளம் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும்.

'அப்போ ஒல்லியான டான்டம்தானே நம்ம ஊருக்கு சரி?' என்று தோன்றும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். உங்கள் அப்பார்ட்மெண்ட் லிஃப்ட்டை நினைத்துப் பாருங்கள். பழைய, சிறிய கட்டடங்களில் இருக்கும் நான்கு பேர் லிஃப்ட்டின் கதவு பொதுவாக 70 சென்டிமீட்டர், ஆறு பேர் லிஃப்ட்டில் 80 சென்டிமீட்டர். ஆறு பேர் லிஃப்ட்டின் உள்ளே கதவிலிருந்து பின்சுவர் வரை சுமார் ஒரு மீட்டர்தான். டான்டம் கதவைத் தாண்டிவிடும், ஆனால் உள்ளே போனபின் கதவு மூடாது. பக்கவாட்டு வண்டி உள்ளே அடங்கும், ஆனால் 76 சென்டிமீட்டர் வண்டிக்கு 80 சென்டிமீட்டர் கதவில் இரு பக்கமும் ஆளுக்கு இரண்டு சென்டிமீட்டர்தான் மிச்சம்.

ஆக, எந்த வகை என்பதை முடிவு செய்யப்போவது விளம்பரம் அல்ல, உங்கள் லிஃப்ட். தரைத்தளத்தில் வசிப்பவர்களுக்கும், ஸ்ட்ரெச்சர் நுழையும் பெரிய சர்வீஸ் லிஃப்ட் உள்ள கட்டடங்களில் இருப்பவர்களுக்கும் மட்டும் டான்டம் வசதிப்படும். மற்றவர்களுக்குப் பக்கவாட்டு வகையே மேல். அகலம் மட்டும் லிஃப்ட் கதவைவிட நான்கைந்து சென்டிமீட்டராவது குறைவாக இருக்க வேண்டும்.

லிஃப்ட்டோடு நிற்காதீர்கள். வீட்டு வாசல், செக்யூரிட்டி பக்கத்தில் இருக்கும் குட்டி கேட், பைக் நுழையாமல் இருக்க பார்க் வாசலில் வளைத்து வளைத்து வைத்திருக்கும் கம்பித் தடுப்பு, எல்லாவற்றையும் அளந்துவிடுங்கள். இதில் எது குறுகலோ, அதுதான் உங்கள் ஸ்ட்ரோலரின் அகலம்.

நடைபாதையில் ஓடுமா?

இந்தக் கேள்விக்கு எந்தக் கம்பெனி விளம்பரமும் பதில் சொல்லாது. இந்தியச் சாலைகள் காங்கிரஸின் பாதசாரிகளுக்கான வழிகாட்டி நூலான ஐஆர்சி 103, நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும், சாலையிலிருந்து உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. அந்த அளவில் நடைபாதை இருந்தால் எந்த டபுள் ஸ்ட்ரோலரும் தாராளமாகப் போகும்.

பெங்களூருவில் அப்படிப்பட்ட இடங்கள் இல்லாமல் இல்லை. ரெசிடென்சி சாலை, செயின்ட் மார்க்ஸ் சாலை, விட்டல் மல்லையா சாலை போன்ற 'டெண்டர் ஷ்யூர்' திட்டச் சாலைகளில் நடைபாதை அகலமானது. கப்பன் பார்க்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. லால்பாக்கில் 240 ஏக்கரில் நிம்மதியாகத் தள்ளிக்கொண்டு போகலாம். ஆனால் நீங்கள் தினமும் நடக்கப்போவது உங்கள் தெருவில். அங்கே பெயர்ந்த கல் பலகை, டிரான்ஸ்ஃபார்மர், இளநீர் வண்டி, நடைபாதையிலேயே ஏறிவரும் டெலிவரி பைக் எல்லாம் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டி 10 கிலோ, மூத்தது 13 கிலோ, இளையது 7 கிலோ. மொத்தம் 30 கிலோ. ஒவ்வொரு முறை நடைபாதை முடியும் இடத்திலும் இதை இறக்கி ஏற்ற வேண்டும். அதனால் கடையில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

சக்கரம்: ரொம்பச் சின்னதாக இருந்தால் கல் இடுக்கில் சிக்கிக்கொள்ளும். மடக்கினால் சிறிதாகும் என்பதற்காகவே பல காம்பாக்ட் மாடல்களில் சக்கரத்தைக் குறுக்கிவிடுகிறார்கள். இருப்பதிலேயே பெரிய சக்கரமும் சஸ்பென்ஷனும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

கைப்பிடி: இரண்டு தனித்தனிக் கைப்பிடி வேண்டாம். ஒரே நீளக் கம்பியாக இருந்தால்தான் ஒரு கையால் திருப்ப முடியும். இன்னொரு கை எப்போதும் குடைக்கோ, போனுக்கோ, குழந்தைக்கோ தேவைப்படும்.

சாய்க்கும் தன்மை: கைப்பிடியை அழுத்தினால் முன்சக்கரம் எளிதாக மேலே வர வேண்டும். உயரமான நடைபாதையில் ஏறும்போது வண்டியைத் திருப்பி, பின்சக்கரத்தை முதலில் இழுத்து ஏற்றுவது சுலபம். டான்டம் வண்டியில் நீளம் அதிகம் என்பதால் இது சிரமம்.

மெட்ரோ, கேப், ரயில்: எதில் ஏறும்?

நம்ம மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. டிக்கெட் கேட்டில் வழக்கமான வழி குறுகல். வீல்சேருக்காக வைத்திருக்கும் அகலமான கேட் வழியாகப் போங்கள், ஊழியரிடம் சொன்னால் திறந்துவிடுவார். எஸ்கலேட்டரில் குழந்தைகளோடு ஸ்ட்ரோலரை ஏற்றவே கூடாது. 'ஒரு மாடிதானே' என்று நினைத்தாலும் வேண்டாம்.

கேப்பில் வேறு பிரச்சினை. பெங்களூருவில் பல கேப்கள் சிஎன்ஜி-யில் ஓடுகின்றன. டிக்கியில் பாதியை சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். அதனால் மடக்கிய பிறகு வண்டி எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். கடையில் 'ஒரு கையால் மடக்கலாம்' என்று காட்டுவார்கள். நீங்களே இடது கையில் ஏதாவது ஒரு பையைக் குழந்தை போலப் பிடித்துக்கொண்டு மடக்கிப் பாருங்கள். உண்மை உடனே தெரிந்துவிடும்.

ஊருக்குப் போகும்போது ரயிலில் மடக்கித்தான் ஏற்ற முடியும். படி உயரம், உள்ளே வழி குறுகல். மடக்கிய வண்டியைத் தோளில் மாட்டப் பட்டை இருந்தால் பெரிய உதவி. விமானத்தில் கைக்குழந்தையோடு போகிறவர்களின் ஸ்ட்ரோலரை இந்திய விமான நிறுவனங்கள் பொதுவாகக் கட்டணம் இல்லாமல் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் டபுள் ஸ்ட்ரோலர் கேபினுக்குள் வராது, சரக்குப் பகுதிக்குத்தான் போகும். டிக்கெட் எடுக்கும்போதே விதியைப் படித்துவிடுங்கள்.

பாதுகாப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

இன்று நாம் பார்க்கும் மடக்கு ஸ்ட்ரோலரின் மூதாதை 1965-ல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. உருவாக்கியவர் ஓவன் மெக்லாரன் என்ற பிரிட்டிஷ் விமானப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை பார்த்தவர், அந்த அறிவை வைத்து எடை குறைந்த, குடை போல மடங்கும் வண்டியைச் செய்தார். அதே பெயரில் இயங்கிய நிறுவனம் 2009 நவம்பரில் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் ஸ்ட்ரோலர்களைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. மடக்கும் மூட்டில் விரல் சிக்கி, 12 குழந்தைகளின் விரல் நுனி துண்டானதாகப் புகார் வந்திருந்தது.

இதிலிருந்து நமக்குப் பாடம்: மடக்கும்போதும் விரிக்கும்போதும் இரண்டு குழந்தைகளும் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். மூட்டுகளில் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டி வாங்கினால், அந்த மாடல் எங்காவது திரும்பப் பெறப்பட்டதா என்று இணையத்தில் தேடிவிடுங்கள்.

பெட்டியில் ஐரோப்பியத் தரமான இஎன் 1888 அல்லது அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் எஃப்833 என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இஎன் 1888-ல் முதல் பகுதி 15 கிலோ வரை, இரண்டாம் பகுதி 22 கிலோ வரை. மூத்த குழந்தைக்கு இரண்டாவதுதான் உதவும். ஒவ்வொரு இருக்கையிலும் தோள், இடுப்பு, கால் நடுவே என ஐந்து முனை பெல்ட் இருக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட, தலை நிற்காத குழந்தை என்றால், இருக்கை கிட்டத்தட்ட முழுதாகப் படுக்கையாகச் சாய வேண்டும். பல காம்பாக்ட் டபுள் மாடல்கள் அப்படிச் சாயாது, 'ஆறு மாதம் முதல்' என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ஸ்ட்ரோலரில் தூங்கிப்போனால் வீட்டுக்கு வந்ததும் சமதளப் படுக்கைக்கு மாற்றுங்கள். உட்காரும் சாதனங்களை வழக்கமான தூக்கத்துக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2022-ல் அறிவுறுத்தியது.

இரண்டு பழக்கங்களை விட்டுவிடுங்கள். ஒன்று, காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டுவது. மூத்தவன் சட்டென்று இறங்கினால் வண்டி பின்னால் சாயும். இரண்டு, வெயிலுக்குத் துண்டைப் போட்டு முழுவதும் மூடுவது. உலர்ந்த துணியால் மூடினால் உள்ளே வெப்பம் கூடுகிறது என்று சிட்னி பல்கலைக்கழக ஆய்வு 2023-ல் காட்டியது. காற்று போகும்படி விட்டு, மேற்கூரையை மட்டும் இறக்குங்கள்.

வண்டி சரி, பாதை?

சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றம் போனவர் கோவை எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன். அந்த வழக்கில் 2025 மே 14 அன்று நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அது இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

உங்கள் ஸ்ட்ரோலர் போக முடியாத இடத்தில் வீல்சேரும் போக முடியாது, கைத்தடி ஊன்றும் தாத்தாவும் போக முடியாது. 2025 செப்டம்பர் முதல் பெங்களூருவில் ஒரே மாநகராட்சிக்குப் பதில் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. உங்கள் தெரு எதில் வருகிறது என்று தெரிந்துகொண்டு, உடைந்த நடைபாதையைப் படமெடுத்துப் புகார் கொடுங்கள். 1533 என்ற எண்ணிலும் சொல்லலாம். நாளைக்கே சரியாகிவிடாதுதான். ஆனால் புகாரே இல்லாத தெருவை யாரும் தோண்டிப் பார்க்க மாட்டார்கள்.

இன்று இரவே செய்ய வேண்டியது

ஆன்லைனில் 'ஆர்டர்' அழுத்துவதற்கு முன் தையல் டேப்பை எடுங்கள். லிஃப்ட் கதவு அகலம், லிஃப்ட் உள் ஆழம், வீட்டு வாசல், குட்டி கேட், பார்க் வாசல், கார் டிக்கி. ஆறு எண்களையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். மூத்த குழந்தையை எடை பாருங்கள். பிறகு கடைக்குப் போய், முடிந்தால் இரண்டு குழந்தைகளையும் உட்காரவைத்து ஒரு சுற்று தள்ளிப் பாருங்கள். திருப்பி அனுப்பும் வசதி உள்ள இடத்திலேயே வாங்குங்கள்.

எல்லா அளவும் பொருந்தினால், காலை 11 மணிக்கு வாசலில் செருப்போடு நிற்பவனிடம் "வா, போலாம்" என்று சொல்ல இன்னொருவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.