எரிமலையடியும் நெய்வேலிச் சுரங்கமும்

அக்கினியைக் கக்கும் மலையின் அடிவாரத்தில் மாந்தர் குடியிருப்பானேன் என்று வினவுவோர் உளர். ஜாவாத் தீவிலுள்ள மெராபி மலை 2010ஆம் வருஷம் சீறியபொழுது முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; எனினும் உழவர் அதன் சரிவுகளை விட்டகன்றாரில்லை. காரணம் யாதெனின், எரிமலைச் சாம்பல் நாளடைவில் சிதைந்து கொழுமையான மண்ணாகின்றது. நம் தேசத்தில் இன்றும் கனலும் எரிமலை அந்தமானையடுத்த பாரன் தீவு ஒன்றே. அங்கு மனித வாசமில்லை. ஆயினும் பூமியின் வயிற்றிலுள்ளதற்கு அருகே வாழ்வதன் லாபநஷ்டங்களை அறிய நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. கடலூர் ஜில்லாவிலுள்ள நெய்வேலிக்குச் சென்றாற் போதும்.

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டுங்கால் கரிய பொருளொன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956இல் அரசாங்க நிறுவனம் ஏற்பட்டது. 1957இல் பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1962இல் மின்சாரம் பிறந்தது.

இக்கரியை எடுப்பது எளிதன்று. மேலேயுள்ள மண்ணும் மணற்பாறையும் பல இடங்களில் 50 மீட்டருக்கு மேல் ஆழமுடையன. கரியின் கீழோ பெருநீர் அழுத்தத்துடன் அடைபட்டுக் கிடக்கின்றது. மேற்சுமையை நீக்கிய மாத்திரத்தில் அந்நீர் சுரங்கத்தின் அடித்தளத்தைப் பிளந்து பொங்கிவிடும். ஆகையால் இரவுபகல் ஓயாது அதனை இறைத்து அழுத்தத்தைத் தணிக்கின்றனர். (எரிமலையின் உள்ளழுத்தத்தைத் தணிக்க மனிதனால் ஆவதில்லை.) அதன் பயனாக, முன்னர் இயந்திரமின்றித் தாமே பொங்கி வயலில் பாய்ந்த ஊற்றுக்கள் ஒடுங்கின, உழவர் மேன்மேலும் ஆழமாகக் குழாய் இறக்க நேர்ந்தது. சுரங்கத்து நீர் வாய்க்கால்வழி சில வயல்களுக்குப் பாய்வதும் உண்மையே.

மண்ணின் கதை இன்னும் வருந்தத்தக்கது. எரிமலை பழைய மண்ணின்மேற் புதிய உரத்தை இடுகின்றது. சுரங்கமோ கீழ்மண்ணை மேலும் மேல்மண்ணைக் கீழுமாகப் புரட்டிக் குன்றுகளாய்க் குவிக்கின்றது. அக்குன்றுகளில் மரம் வளர்ப்பது நன்முயற்சியே. ஆயினும் மரம் நிற்குமிடமெல்லாம் நெல் விளையுமிடம் ஆகிவிடாது.

2023ஆம் வருஷம் ஜூலையில், பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காக, வளையமாதேவியில் நின்ற நெற்பயிரின்மீது இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகட்கு முன்னரே கிரயம் கொடுத்து எடுக்கப்பட்டதென்றது நிறுவனம். அஃது உண்மையாயினும், பசும்பயிரை அழித்தற்கு அது சமாதானமாகுமென்று நமக்குத் தோன்றவில்லை. சென்னை உயர்நீதிமன்றம் பயிருக்கு ஏக்கரொன்றுக்கு 40,000 ரூபாய் வழங்கப் பணித்தது. உழவரோ பயிர் நஷ்டத்தோடு நில்லாது, நிலமிழந்த குடும்பங்களுக்கு நிரந்தர வேலை வேண்டுமென்று கேட்டனர்.